ஜப்பான் காலத்தில் கட்சி என்ற சொல்

இப்போது பத்திரிகைகளில் 'அரசியல் சார்பு' என்று எழுதுகிறார்கள். இந்தப் பத்திரிகைக்குச் சார்பு உண்டு, அந்த வானொலிக்குச் சார்பு உண்டு என்கிறார்கள். படிக்க மரியாதையாகத்தான் இருக்கிறது. எங்கள் லயத்தில் அதற்கு இருந்த சொல் 'கட்சி'. "நீ யார் கட்சி?" "அவ கட்சி பேசாத." "ரெண்டு பேரும் சேந்துகிட்டு எனக்கு எதிரா கட்சி கட்டுறீங்களாடி?" ஓட்டு கிடையாது, கொடி கிடையாது, கூட்டம் கிடையாது. கரங்கானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம், லயம் என்று நாங்கள் சொல்லும் வரிசை வீடுகள் நாலு, ஒரே ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு மாரியம்மன் கோயில். அவ்வளவுதான் எங்கள் உலகம். ஆனால் கட்சிக்கு மட்டும் ஒரு நாளும் குறைச்சல் இருந்ததில்லை.

கட்சி நிற்பது என்று எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. இரண்டு வீட்டுச் சண்டை கங்காணி வரைக்கும் போய்விட்டால், ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் இருவரையும் பெரட்டுக்களத்தில் எதிரெதிராக நிறுத்துவார். தினமும் காலையில் ஆளெண்ணி வேலைக்கு அனுப்பும் திடலைத்தான் பெரட்டுக்களம் என்போம். யார் பக்கம் நியாயம் என்று நினைக்கிறோமோ அவர் பின்னால் போய் நிற்க வேண்டும். தலையை எண்ணிப் பார்ப்பார் கங்காணி. தோற்றவர் வீட்டில் எல்லாருக்கும் தேத்தண்ணி. பொழுது சாய்வதற்குள் கட்சியெல்லாம் கலைந்துவிடும்.

எனக்கு வாய் நீளம். கல்யாணமாகி வந்த மூன்றாவது மாதமே என் வீட்டுக்காரருக்கு எதிராகக் கட்சி நின்றவள் நான். ஒரு சேவலைப் பற்றிய வழக்கு. எதிர்வீட்டு அண்ணனின் சேவலை இவர் தன்னுடையது என்று சாதித்தார். இவருடையது இல்லை என்று எனக்குத் தெரியும், போய் அண்ணன் பின்னால் நின்றுவிட்டேன். ஊரே சிரித்தது. எதிர்வீட்டு அக்கா என் தோளில் கை போட்டுக்கொண்டு, "வந்துட்டாடா நம்ம கட்சிக்கு ஒரு வக்கீலு!" என்றார். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது தானாகவே சிரித்துவிட்டார். எனக்கு அப்போது பதினெட்டு வயது.

அதன் பிறகு ஜப்பான்காரன் வந்தான். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒரு காலையில் இரண்டு பெட்டியையும் நாயையும் காரில் ஏற்றிக்கொண்டு தெற்கே போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வருஷங்களை நினைத்தால் எனக்கு எப்போதும் பனிதான் ஞாபகத்துக்கு வருகிறது. பாலுக்காக மரத்தைக் கீறுவது, நாங்கள் மரம் வெட்டுவது என்போம், அது நின்றுபோனது. பால் எடுக்கும் மங்குகள் மரத்தில் கவிழ்ந்தபடியே இருந்தன. சிலவற்றில் மழைத் தண்ணீர் நின்று தவளைக் குஞ்சு நீந்தியது. ஆலையின் சத்தம் இல்லை, சங்கு இல்லை. கடிகாரத்தைக்கூட மாற்றிவிட்டார்கள். தோக்கியோவில் என்ன மணியோ அதுதான் எங்களுக்கும் மணி என்றார்கள். அதனால் விடியாமலே பெரட்டு நடந்தது. இருட்டும் பனியுமாக நின்றுகொண்டு, முகம் தெரியாமல், குரலை மட்டும் வைத்து ஆளை அடையாளம் கண்டோம். பாதித் தூக்கம் கண்ணிலேயே இருக்கும். கையில் கொடுத்த மண்வெட்டியுடன் மரவள்ளிக்கிழங்கு நடப் போவோம். வயிற்றில் ஒன்றும் இல்லாதபோது உடம்பு கனம் இல்லாமல் ஆகிவிடுகிறது. நடக்கிறேனா மிதக்கிறேனா என்று எனக்கே தெரியாது. காய்ச்சல் வேறு எல்லாருக்கும் முறைவைத்து வந்தது. காய்ச்சலில் கண்டது எது, உண்மையில் நடந்தது எது என்று சில விஷயங்களில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ஆனால் இப்போது நான் எழுதப்போவது நடந்தது.

அந்தப் பனியில்தான் எங்கள் பழைய சொல்லுக்கு முன்னால் இன்னொரு சொல் வந்து ஒட்டிக்கொண்டது. வெள்ளைக்காரன் கட்சி. யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது. ஆரம்பத்தில் கேலிதான். ரொட்டி வேண்டும் என்று அழுத குழந்தையை, "பாருங்கடி, வெள்ளைக்காரன் கட்சி அழுவுது" என்றோம். "அந்தக் காலத்துல அரிசிச் சோறு தின்னோம்" என்று யாராவது பெருமூச்சு விட்டால், "உஷ், கட்சி தெரிஞ்சுபோச்சு!" என்று கிள்ளுவோம். துரை போட்டுவிட்டுப் போன தொப்பியை வெயிலுக்குப் போட்டவன் வெள்ளைக்காரன் கட்சி. ஜப்பான்காரனைக் கண்டால் தேவைக்கு மேல் குனிந்தவன் ஜப்பான் கட்சி. ஆனால் இந்த இரண்டாவது சொல்லை யாரும் உரக்கச் சொல்ல மாட்டோம். எங்கள் கிராணி அப்படிக் குனிகிறவர். துரையிடம் கணக்கெழுதிய அதே மேசையில் உட்கார்ந்து ஜப்பான்காரனுக்கு ஆள் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் சொந்தக் கட்சி எது என்று கேட்டிருந்தால் எங்களில் ஒருவருக்கும் பதில் தெரிந்திருக்காது. கிழங்குக் கட்சி என்று சொல்லியிருப்போம்.

எதிர்வீட்டு அண்ணன், அந்தச் சேவல் அண்ணன்தான், துரை பங்களாவில் தோட்டவேலை பார்த்தவர். துரை போன பிறகும் தினமும் வேலை முடிந்து பங்களாவுக்குப் போய் ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவார். "ஏண்ணே, யாருக்காக ஊத்துறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "செடிக்குத் தொர போனது தெரியுமா புள்ள? அது தண்ணி கேக்குது" என்றார். அவ்வளவுதான் அவருடைய அரசியல். ஆனால் லயத்தில் அதற்குள் அவருக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. அவரும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார். வீட்டுக்குள் நுழையும்போது, "வெள்ளைக்காரன் கட்சி வந்துருச்சு, கஞ்சி ஊத்து" என்று அவரே அக்காவிடம் சொல்வது எங்கள் வீடு வரைக்கும் கேட்கும்.

இரண்டாவது வருஷம் சயாமுக்கு ஆள் கேட்டார்கள். அங்கே காட்டில் ரயில் பாதை போடுகிறார்களாம். முதலில் போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை, கடிதமும் இல்லை. எங்கள் தோட்டத்தில் பத்துப் பேர் வேண்டும் என்று கிராணிக்கு உத்தரவு வந்தது. ஒருநாள் மத்தியானம் என் வீட்டுக்காரர் வேலைக்காட்டிலிருந்து முன்னதாகவே வந்து, கதவுப்படியில் உட்கார்ந்து, "பத்தாவது ஆளு நான்தானாம்" என்றார். நான் அடுப்பில் இருந்த கிழங்கைக் கிளறிக்கொண்டே இருந்தேன். தண்ணீர் வற்றி அடிப்பிடித்துப் புகை வந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை குழாயடியில் எனக்கும் எதிர்வீட்டு அக்காவுக்கும் சண்டை வந்தது. அவர் கோழி என் வேலியைத் தாண்டி வந்து, நான் ஊன்றியிருந்த சர்க்கரைவள்ளிக் கொடியைக் கிளறிவிட்டது. இதற்கு ஒரு சண்டையா என்று இன்று தோன்றும். அன்று அந்தக் கொடிதான் எங்களுக்கு அடுத்த மாதச் சோறு. பசி ஒரு பக்கம், சயாம் ஒரு பக்கம், நான் ராத்திரி முழுக்கக் கண் மூடவில்லை. வாய்க்கு வந்ததையெல்லாம் கத்தினேன். அக்கா சும்மா இருப்பாரா? "ஒரு கொடிக்கு இப்படிக் குதிக்கிறியே, நாளைக்கு ஒரு கஷ்டம்னா எவ வருவா உனக்கு?" என்றார். எனக்குச் சுரீர் என்றது.

"போடி, ஓம் புருசன் வெள்ளைக்காரன் கட்சிதானே! தொர வருவான்னு ரோசாவுக்குத் தண்ணி ஊத்துறவன்தானே!" என்றேன்.

நாலைந்து பெண்கள் சிரித்தார்கள். எப்போதும் சொல்கிற வசவுதான். நான் குடத்தை எடுக்கத் திரும்பினேன். குழாய்க்கு அந்தப் பக்கம் கிராணி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். காதில் பென்சில். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் இன்னொரு முறை சொன்னேன். முதல் தடவையைவிடச் சத்தமாக.

முதல் தடவை கோபத்தில் சொன்னது. அதற்கு மன்னிப்பு உண்டு என்று நினைக்கிறேன். இரண்டாவது தடவையைப் பற்றி இத்தனை வருஷமாக எனக்கு நானே எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். காய்ச்சல் என்பேன், பசி என்பேன், வயசு என்பேன். எதுவும் ஒட்டவில்லை. தெரிந்துதான் சொன்னேன்.

மறுநாள் பெரட்டில் பத்துப் பெயரும் வாசித்தார் கிராணி. பத்தாவதாக எதிர்வீட்டு அண்ணன் பெயர் வந்தது. பனிக்குள் யாரோ, "அவரா?" என்றார்கள். கிராணி நிமிராமலே, "வெள்ளைக்காரன் கட்சின்னு லயமே சொல்லுது. இவன அனுப்பாம வேற யார அனுப்புறது?" என்றார். கங்காணிக்கு வயதாகிவிட்டது. பழைய பழக்கத்தில் திடலைப் பார்த்து, "யாராச்சும் இவன் கட்சி நிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டார். ஒருவரும் அசையவில்லை. என் வீட்டுக்காரர் என் கையை அழுத்திப் பிடித்திருந்தார். அக்கா மட்டும் நடந்து போய் அண்ணன் பின்னால் நின்றார். அண்ணன் திரும்பி, "போ புள்ள, வீட்டுக்குப் போ. அடுப்ப அணைக்காம வந்திருப்ப" என்றார்.

வேலைக்குக் கலையும்போது கிராணி எங்கள் பக்கமாக வந்தார். என் வீட்டுக்காரர் காதில் விழும்படி, "அவன் எதாச்சும் சொல்லித் தப்பிச்சுட்டான்னா திரும்ப நீதான். ஞாபகம் வெச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்துப் பேரையும் லூனாஸுக்குக் கொண்டுபோய் ஒரு பழைய கடைவீட்டில் அடைத்துவைத்தார்கள். மூன்று நாளில் லாரி வரும், அலோர் ஸ்டாருக்குப் போய் அங்கிருந்து ரயிலில் சயாம் என்று பேச்சு. அன்று மத்தியானமே அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கையில் ஒரு பழைய காலண்டர் தாளும் துண்டுப் பென்சிலும் இருந்தன.

"எழுது" என்றார். "லூனாஸ்ல ஜப்பான்காரன்கிட்ட ஒரு துபாசி இருக்கானாம். தமிழாளு. மனு குடுத்தா படிச்சு அவங்க பாஷையில சொல்வானாம்."

எங்கள் லயத்துப் பெண்களில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரைக்கும் போயிருந்தேன். தரையில் தாளை விரித்துக் குப்புறப் படுத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தேன். அக்கா எதிரில் குத்தவைத்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். என் புருஷன் யாருக்கும் கெடுதல் செய்யாதவர். கிழங்கு நடுவதில் கெட்டிக்காரர். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். நான் எழுதிக்கொண்டே வந்தேன். வெளியே ரப்பர் விதை வெடித்துத் தகரத்தில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. மத்தியான வெயில் இலைகளுக்கிடையில் இறங்கி அந்தத் தாளின் மேல் அசைந்துகொண்டிருந்தது. எழுத்துகள் தண்ணீருக்கடியில் கிடப்பது போலத் தெரிந்தன. அப்படியே தூங்கிவிடலாம் போலிருந்தது.

"இப்ப இத எழுது" என்றார் அக்கா. "வெள்ளைக்காரன் கட்சின்னு சொன்னது நான்தான். கோழிச் சண்டையில சொன்ன பொய்யி. அவரு எந்தக் கட்சியும் இல்ல. இத எழுதி ஓம் பேரப் போடு. சொன்னவளே எழுதிக் குடுத்தா நம்புவாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கடன் கேட்கிறவரைப் போல, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

என் வீட்டுக்காரர் கதவுக்கு வெளியே உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். அக்கா சொல்லி முடித்ததும் தீட்டுகிற சத்தம் நின்றது. 'எழுது' என்றும் சொல்லவில்லை, 'எழுதாதே' என்றும் சொல்லவில்லை. அவர் முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. சட்டை இல்லாத முதுகு, எலும்பை எண்ணலாம்.

நான் எழுதினேன். 'தங்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்' என்று எழுதினேன். அதற்குக் கீழே மறுபடியும் 'தங்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்' என்று எழுதினேன். என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அக்காவின் பெயரை எழுதினேன். அக்கா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாக் கோடும் ஒன்றுதான்.

"படிச்சுக் காட்டு" என்றார்.

படித்தேன். கெடுதல் செய்யாதவர் என்று படித்தேன். இரண்டு பிள்ளைகள் என்று படித்தேன். பிறகு, கண்ணைத் தாளிலிருந்து எடுக்காமல், "வெள்ளைக்காரன் கட்சி என்று சொன்னது நான்தான். அது கோழிச் சண்டையில் சொன்ன பொய். அவர் எந்தக் கட்சியும் இல்லை" என்று, நிறுத்தி நிதானமாக, பள்ளிக்கூடத்தில் வாய்விட்டுப் படிப்பது போலப் படித்தேன். கடைசியில் என் பெயரையும் சேர்த்துப் படித்தேன்.

அக்கா அழுதுவிட்டார். என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நீ நல்லா இருப்பே" என்றார். தாளை எட்டாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு லூனாஸுக்கு நடந்தே போனார்.

சாயங்காலம் திரும்பி வந்தார். "துபாசி வாங்கிக்கிட்டான். பாப்போம்னான். பிரிச்சே பாக்கல, மேசையில வெச்சுட்டான்" என்றார். மூன்றாம் நாள் லாரி போனது.

அவன் பிரித்தே பார்க்கவில்லை, அந்த வரி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அந்தச் சமாதானம் எனக்கு வேண்டாம். நான் அதை எழுதாமல் விட்டபோது, அவன் பிரிப்பான் என்று நம்பித்தான் விட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அக்கா எனக்குச் செய்ததை எந்த உடன்பிறப்பும் செய்திருக்காது. அவர் வீட்டில் கிழங்கு வெந்தால் எனக்கு ஒரு துண்டு வரும். என் வீட்டுக்காரர் காய்ச்சலில் பிதற்றியபோது வேப்பிலைக் கஷாயம் வைத்துக்கொண்டு வந்தவர் அவர்தான். எனக்குத் தலைப்பிரசவம் பார்த்ததும் அவர்தான். ஒவ்வொரு தடவையும், சொல்லிவிடலாம் என்று வாய்வரைக்கும் வரும். இந்த நீள வாய் அப்போது மட்டும் ஒட்டிக்கொள்ளும். கையை நீட்டி வாங்கிக்கொள்வேன்.

ஜப்பான்காரன் தோற்றுப்போன பிறகு சயாமிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். எங்கள் தோட்டத்துப் பத்துப் பேரில் மூன்று பேர் திரும்பினார்கள். அண்ணன் வரவில்லை. போன நாலாவது மாதமே காலராவில் போய்விட்டார் என்று வந்தவர்களில் ஒருவர் அக்காவிடம் சொன்னார். கையைக் கட்டிக்கொண்டு, மண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

மறுநாள் குழாயடியில் பேச்சு எழுந்தது. எத்தனை நாள் அடக்கிவைத்த பேச்சோ! "எல்லாம் இவ வாயால வந்ததுதானே" என்றாள் ஒருத்தி. "தம் புருசன் தப்பிக்க அந்தாளக் காட்டிக் குடுத்தா. ஜப்பான் கட்சி இவதான்" என்றாள் இன்னொருத்தி. இப்போது அந்தச் சொல்லை உரக்கச் சொல்லலாம், பயமில்லை. நான் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

வரிசையில் பின்னால் நின்ற அக்கா குடத்தைத் தரையில் வைத்தார். தாலி இறக்கி ஒரு நாள்கூட ஆகவில்லை. கண் வீங்கியிருந்தது. நடுவில் வந்து நின்றார்.

"எவடி அது? என் முன்னால வந்து சொல்லு" என்றார். "சண்டையில இவ சொன்னா. சரி, நீங்கெல்லாம் சொல்லலியா? சிரிக்கலியா? அவரு பேரு வாசிச்சப்ப ஒருத்தி வந்து நின்னீங்களாடி? இவ ஒருத்திதான் ஜப்பான்காரனுக்கே எழுதிக் குடுத்தா. 'நான்தான் சொன்னேன், அது பொய்யி'ன்னு சொந்தப் பேரப் போட்டு எழுதிக் குடுத்தா. கழுத்தச் சீவியிருப்பான் அவன்! என் எதிருலதான் எழுதினா, என் காதால கேட்டேன். எவளுக்குடி இருந்துச்சு அந்தத் தைரியம்?"

முதலில் பேசியவள் தலையைக் குனிந்துகொண்டாள். இன்னொருத்தி குழாயடியிலிருந்த தன் குடத்தை இழுத்துக்கொண்டு, "நீ பிடி தங்கச்சி, பிள்ள தனியா கெடக்கும்" என்று எனக்கு இடம் விட்டாள்.

அக்கா என்னைப் பார்த்தார். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். அத்தனை பேர் முன்னாலும், அந்த முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். நான் குடத்தைக் குழாய்க்குக் கீழே வைத்தேன். தண்ணீர் மெதுவாகத்தான் வந்தது. நிறையும் வரைக்கும் எல்லாரும் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள்.